பெயரில் சுரங்கம் இருக்கட்டும்

பண்ருட்டியைத் தாண்டியதும் மண் சிவக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்புகள். அவற்றுக்கு நடுவே அடிமரத்திலேயே காய்த்துத் தொங்கும் பலா. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் இந்த நெடுஞ்சாலையில் சித்திரை, வைகாசி மாதங்களில் வந்தால் பலாப்பழ வாசனை பேருந்துக்குள்ளேயே ஏறிவிடும். கொஞ்ச தூரம் போனதும் தோப்புகளுக்கு மேலே புகைபோக்கிகள் தெரியத் தொடங்குகின்றன. "ஆர்ச் கேட் எல்லாம் எழுந்து வா" என்று நடத்துநர் குரல் கொடுக்கிறார். பாதிப் பேருந்து காலியாகிறது.

நான் நெய்வேலிக்குப் போனது ஒரு பூங்காவைப் பார்ப்பதற்காக. கரி எடுத்து முடிந்த பள்ளத்தை மண்ணால் நிரப்பி, அதன்மேல் மரம் வளர்த்து, குளம் வெட்டிப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். அலுவலக வழக்கில் அதற்குப் பெயர் 'ஈகோ பார்க்', தமிழில் சூழல் பூங்கா. இந்தியாவில் நிலக்கரி எடுத்த நிலங்கள் பலவற்றில் இப்படிப்பட்ட பூங்காக்கள் வந்துவிட்டன. மத்திய நிலக்கரி அமைச்சகம் சில ஆண்டுகளாக இதை முனைப்போடு செய்துவருகிறது. சுரங்கச் சுற்றுலா என்று ஒரு துறையே உருவாகிவருகிறது. இந்தப் பூங்காக்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் அங்கே நாம் காணும் பொருளுக்குப் பொருந்துகின்றனவா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு விடை தேட நெய்வேலியைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை.

டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் வெளியே இருந்த வெயில் பாதியாகக் குறைகிறது. அகலமான சாலைகள், இருபுறமும் வளர்ந்து கவிந்த மரங்கள், வேலிக்குள் குவார்ட்டர்ஸ் வீடுகள், வீட்டுக்கு வீடு மா, கொய்யா, வாழை. மயில்கள் தெருவைக் கடக்கின்றன. வீடுகளைக் கட்டியபோது வட்டம் வட்டமாகப் பிரித்து எண் கொடுத்தார்கள். இன்றைக்கும் இங்கே பிறந்து வளர்ந்தவரை எந்த ஊர் என்று கேட்டால், நெய்வேலி என்று சொல்லிவிட்டு உடனே வட்ட எண்ணையும் சேர்த்துச் சொல்வார். வெளியூரில் இரண்டு நெய்வேலிக்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதல் கேள்வியே "எந்த பிளாக்?" என்பதுதான். எண்ணைக்கூட மனிதர்கள் நாளடைவில் ஊர்ப் பெயராக்கிக்கொள்கிறார்கள். அது அவர்களுடைய அன்பின் வலிமை. ஆனால் அந்த எண்களுக்குக் கீழே வேறு பெயர்கள் புதைந்திருக்கின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இந்த நகரம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற இவ்வூர் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அவர் அதைச் சும்மா விட்டுவிடாமல் அரசுக்குத் தெரியப்படுத்தினார். ஆய்வுகள் நடந்தன. நாடு விடுதலை பெற்றபின், காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. அடுத்த ஆண்டு மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெறும் மண்ணையே வெட்டிக் கொட்டியிருக்கிறார்கள்! 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது.

சுரங்கத்தைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். தலைக்கவசம் கொடுத்து, காட்சி மேடைக்கு அழைத்துப் போகிறார்கள். அந்த மேடையில் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பூமி படிப்படியாக இறங்குகிறது. மேலே செம்மண், அதன்கீழ் மஞ்சளும் வெளிர்சிவப்புமான மணற்பாறை, பிறகு சாம்பல் நிறக் களிமண், எல்லாவற்றுக்கும் அடியில் கரும்பழுப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் பழுப்பு நிலக்கரி. அதை அடைய சில இடங்களில் நூறு மீட்டர் அளவுக்கு மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது.

அகற்றுவது பக்கெட் வீல் எனப்படும் இயந்திரம். பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பில் வாளிகள் பொருத்தியிருக்கும். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சுரண்டி எடுத்துக் கன்வேயர் பட்டையில் கொட்டும். வாளியின் கொள்ளளவை வைத்துத்தான் இயந்திரத்தை அழைக்கிறார்கள்: முந்நூற்றைம்பது, எழுநூறு, ஆயிரத்து நானூறு லிட்டர். ஆயிரத்து நானூறு லிட்டர் இயந்திரத்தின் அடியில் நிற்கும் மனிதர் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. அவர் அணிந்திருக்கும் தலைக்கவசத்தின் நிறம்தான் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அங்கே மண் இளக்கம். இங்கே கடலூர் மணற்பாறை வாளிப் பற்களை விரைவில் தேய்த்துத் தின்றுவிட்டது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தியும், பற்களை மாற்றி வடிவமைத்தும் இங்குள்ள பொறியாளர்களும் தொழிலாளர்களும் அந்த இயந்திரங்களை இந்த மண்ணுக்குப் பழக்கினார்கள். பாடப்புத்தகங்களில் வர வேண்டிய சாதனை இது.

அதைவிடப் பெரிய போராட்டம் தண்ணீரோடு நடந்தது, இன்றும் நடக்கிறது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கி நிற்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. மேலே உள்ள மண்ணின் பாரத்தை எடுத்துவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் சுற்றிலும் குழாய்க் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பம்புகள் நின்றால் சுரங்கம் இல்லை. இறைத்த நீர் டவுன்ஷிப்புக்கும் மின்நிலையங்களுக்கும் போகிறது. வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்கும் போகிறது. சென்னைவாசிகளின் தாகத்துக்கும் நெய்வேலித் தண்ணீர் போயிருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் கிணறுகள் ஆழத்துக்குப் போய்விட்டன என்று விவசாயிகள் குமுறுவதும் இதே தண்ணீரைப் பற்றித்தான்.

கரியையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பல்ல, பழுப்பு. சில துண்டுகளில் மரத்தின் நார் அப்படியே தெரிகிறது. எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். இவ்வளவு ஈரத்தைச் சுமந்துகொண்டு தொலைதூரம் ஏற்றிப் போவது கட்டுப்படியாகாது. குவித்து வைத்தால் தானே தீப்பற்றிக்கொள்ளும் சுபாவமும் உண்டு. அதனால்தான் கரி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் கட்ட வேண்டியிருந்தது. மின்நிலையத்துக்காக ஆட்கள், ஆட்களுக்காக வீடுகள், பிள்ளைகளுக்காகப் பள்ளிகள். இந்த ஊரின் ஒவ்வொரு மரமும் தெருவும் அந்த ஈரக் கரியால் வந்தவை. லெகோ என்ற பெயரில் இங்கே செய்த கரிக்கட்டிகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீட்டு அடுப்புகளில் எரிந்தன. வயதானவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்.

பூங்கா இருப்பது இந்தச் சுரங்கம் கடந்து போன இடத்தில். சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் வெட்டிய மண்ணைக் கன்வேயர் சுற்றிக் கொண்டுவந்து, கரி எடுத்து முடித்த பின்பக்கப் பள்ளத்தில் கொட்டும். பிறகு அந்த மண்ணைச் சமன் செய்து மரம் வைப்பார்கள். என்னோடு வந்தவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் வேலைக்கு வந்தப்ப இந்த இடம் பள்ளம் சார்" என்றார், நாங்கள் நின்றிருந்த மரநிழலைக் காட்டி. "அடியில கெடந்த மண்ணு மேல வந்துடுச்சு. சத்தே கிடையாது. புல்லு புடிக்கவே வருசம் ஆச்சு."

"அப்புறம் எப்படிண்ணே இவ்வளவு மரம்?"

"எருவு கொட்டணும். தழைச்சத்துக்குப் பயிரு போட்டு மடக்கி உழுவணும். அப்புறம் கன்னு வெச்சாலும் பாதி போயிடும். திரும்ப வெப்போம்."

அவர் சொன்னது முழுவதும் கண்ணெதிரே நின்றது. குளத்தில் நீர்க்காகங்கள், கரையில் கொக்குகள், மரங்களுக்கு ஊடே நடைபாதை. பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். பாறைத் தூளும் களிமண்ணும் கலந்து கிடந்த மேட்டில் இதை உண்டாக்கியவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சூழல் பூங்கா என்ற பெயரில் பொய் இல்லை. பாதி உண்மைதான் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உள்ளே வருகிற வெளியூர்க் குடும்பம் ஒன்று, தன் காலடியில் நூறு மீட்டர் ஆழத்துக்கு மனிதர்கள் இடம்மாற்றிய மண் இருக்கிறது என்று தெரியாமலே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். இதே பெயரை ஊட்டியிலும் வைக்கலாம், ராமநாதபுரத்திலும் வைக்கலாம். அதுதான் என் வருத்தம்.

தீம் பார்க் என்றால் நமக்குச் சறுக்கு, ராட்டினம், அலைக்குளம் என்றே பழகிவிட்டது. ஒரு கருவை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி எல்லாவற்றையும் அமைப்பதுதான் அதன் இலக்கணம். பெயர் அந்தக் கருவைச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பூங்காக்களில் சில, நிறுவனத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். என்றால் எல்லோருக்கும் தெரியும். 1955இல் வால்ட் டிஸ்னி தன் பெயரால் திறந்ததும் அப்படித்தான். ஆனால் அவர் தன் பெயருக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு கதையுலகத்தையே வைத்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் நீர்ப்பூங்காவுக்கு பிளாக் தண்டர் என்று பெயர். நீலகிரியின் காற்றும் தண்ணீரும் அருகிலிருக்க, இடியை ஏன் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இவற்றில் நான் மதிப்பது தாம்பரத்தை அடுத்துத் திறந்த கிஷ்கிந்தாவின் பெயரை. 1995இல் மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் தொடங்கியது. ராமாயணத்து வானரங்களின் நாடு கிஷ்கிந்தை. துங்கபத்திரைக் கரையில் ஆனேகுந்தியைச் சுற்றியுள்ள பாறைமலைகளை அந்த நாடாக மக்கள் காட்டுகிறார்கள். தாம்பரத்துப் பூங்காவில் செயற்கை அருவியும் அலைக்குளமும் ராட்டினங்களும்தான் முதன்மை. வாலியையும் சுக்ரீவனையும் தேடிப் போகும் குழந்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருக்கும். ஆனாலும் தாவலும் துள்ளலும் தண்ணீரில் கும்மாளமும் வானரங்களுக்கு உரியவை என்று எடுத்துக்கொண்டால், பெயர் உள்ளே நடப்பதோடு உறவு கொண்டாடுகிறது. நம் பாட்டிமார் சொன்ன கதையிலிருந்து எடுத்த பெயர் என்பதால் ஒரு குழந்தை அதைக் கேட்டவுடனே எதையோ கற்பனை செய்யத் தொடங்கிவிடும். பெயர் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

நிலக்கரி நிலங்களில் அமைந்த பூங்காக்களுக்கு வருவோம். கிழக்கு நிலக்கரி நிறுவனத்தின் பூங்கா குஞ்சன். தன்பாதில் பாரத் கோக்கிங் கோல் நிறுவனத்துடையது கோகுல் பண்பாட்டுப் பூங்கா. தென்கிழக்கு நிறுவனத்தில் அனன்யா வாடிகா, மகாநதி நிறுவனத்தில் அனந்தா மூலிகைத் தோட்டம், மேற்கு நிறுவனத்தில் பால கங்காதர திலகர் பெயரில் ஒன்று. எல்லாம் இனிமையான பெயர்கள், மதிப்புக்குரிய பெயர்கள். ஒன்றிலும் கரி இல்லை, சுரங்கம் இல்லை, அங்கே வேலை செய்தவர் இல்லை. கோகுலம் என்றால் மாடு மேய்த்த கண்ணனின் ஆயர்பாடி நினைவுக்கு வருகிறது. பூமிக்குள் இறங்கிக் கரி வெட்டிய தன்பாத் தொழிலாளியின் நினைவு வருவதில்லை. இந்த வரிசையில் சத்தீஸ்கரின் கேனாபாராவும் சிங்ரௌலிப் பகுதியின் முத்வானியும் தனித்து நிற்கின்றன. பழைய பள்ளத்தில் தேங்கிய நீரில் படகு விடும் கேனாபாரா, குறைந்தது தன் மண்ணின் பெயரையாவது காப்பாற்றி வைத்திருக்கிறது.

நெய்வேலியின் இயந்திரங்கள் பிறந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள். கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் ப்ரூல் என்ற ஊரில் 1967இல் ஒரு பூங்கா திறந்தார்கள். பெயர் ஃபான்டாசியாலாண்ட். பொம்மலாட்டக் கதைகளோடு தொடங்கி இன்று ஐரோப்பாவின் புகழ்பெற்ற தீம் பார்க்குகளில் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. உள்ளே சீனம், மெக்சிகோ, ஆப்பிரிக்கா என்று தனித்தனி உலகங்கள். கற்பனை நாடு என்ற பெயருக்கு அவை பொருத்தம்தான். ஆனால் அந்தப் பூங்கா நிற்கும் நிலம் பழுப்பு நிலக்கரி வெட்டிய பழைய சுரங்கம். நெய்வேலியில் எடுக்கிறோமே, அதே கரி. பெயர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கிழக்கு ஜெர்மனியில், டெசாவ் நகரத்துக்கு அருகே, வேறுவிதமாக நினைத்தார்கள். கோல்பா நோர்ட் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. வழக்கமாக நடப்பதுபோல இயந்திரங்களை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம். அதற்குப் பதில் ஐந்து ராட்சத இயந்திரங்களை ஓரிடத்தில் நிறுத்தி, நடுவில் அரங்கம் கட்டி, பள்ளத்தில் நீர் நிரப்பி ஏரியாக்கினார்கள். பெயர் ஃபெரோபோலிஸ், இரும்பு நகரம். இயந்திரங்களுக்கும் பெயர் வைத்தார்கள்: ஜெமினி, மெடூசா, மாஸ்கிட்டோ, மேட் மேக்ஸ், பிக் வீல். பிக் வீல் என்பது நெய்வேலிக்காரர்கள் நாள்தோறும் பார்க்கும் பக்கெட் வீல்தான். அந்த இரும்புக்குக் கீழே இசை விழாக்களுக்கு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். சுரங்கத்தை மறைக்காத பெயர் கூட்டத்தைத் துரத்திவிடவில்லை. இரும்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்களிடம் சுரங்கம், புழுதி, புகை என்று பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காட்சி மேடையில் என் பக்கத்தில் நின்ற சிறுவன் ஒருவன் சக்கரம் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் நகரவில்லை. பிள்ளைகளுக்கு மரமும் குளமும் பிடிக்கும், சந்தேகமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் நெய்வேலியில் மட்டுமே கிடைக்கிற காட்சி அந்தச் சக்கரம்.

இனி புதைந்த பெயர்களுக்கு வருகிறேன். நெய்வேலி என்பது ஒரு கிராமம். அந்தக் கிராமம் இருந்த இடத்தில் இன்று அந்தக் கிராமம் இல்லை. அதன் பெயர் மட்டும் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஜெர்மனியிலும் கார்ட்ஸ்வைலர் என்ற கிராமத்தை விழுங்கிய சுரங்கத்துக்குக் கார்ட்ஸ்வைலர் என்றே பெயர். அங்கே பெயர்க்கப்பட்ட சில ஊர்களின் பெயர்களைப் புதிதாகக் குடியமர்த்திய இடங்களுக்கும் வைத்தார்கள். இங்கே நெய்வேலியின் பெயராவது மிஞ்சியது. அதோடு போன பெருமாத்தூர், வெள்ளையன்குப்பம், ஆதண்டார்கொல்லை போன்ற ஊர்களின் பெயர்களை டவுன்ஷிப்பில் வளரும் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தேசத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று கேட்டபோது நிலத்தைக் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

ஒரே ஒரு பெயர் நல்லபடியாகத் தப்பியது. டவுன்ஷிப்புக்குள் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனேன். மூலவர் கையில் வேல் அல்ல, வில். வில்லேந்திய முருகன் இருப்பதால் அந்த ஊர் வில்லுடையான்பட்டு. ஊர் போன பிறகும் கோயிலை அதன் இடத்திலேயே விட்டார்கள். கோயிலோடு பெயரும் நின்றுவிட்டது. பங்குனி உத்திரத்தன்று காவடி எடுத்து வருகிற கூட்டம் சுற்று மாவட்டங்களிலிருந்தெல்லாம் திரள்கிறது. அத்தனை பேர் வாயிலும் அந்தக் கிராமத்தின் பெயர். சந்நிதியில் நின்று கும்பிடுகிறவருக்குப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை, எதிரே வில் இருக்கிறது. பெயரும் பொருளும் ஒன்றாக நிற்பதற்கு நெய்வேலிக்குள்ளேயே இப்படி ஒரு சான்று இருக்கும்போது, பூங்காவுக்கு எங்கிருந்தோ ஒரு பொதுப்பெயரைக் கொண்டுவரத் தேவை என்ன?

பெயர்கள் தேய்வதைப் பற்றி இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 2016இல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் ஆனது. ராஜஸ்தானின் பர்சிங்சரிலும் சுரங்கம் இருக்கிறது, தூத்துக்குடியில் மின்நிலையம் இருக்கிறது, இன்னும் பல மாநிலங்களுக்கு விரிகிறோம் என்பது நிறுவனத்தின் நியாயம். அன்று தமிழ்நாட்டில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. எழுந்தது சரிதான் என்பது என் எண்ணம். மண்ணைக் கொடுத்த ஊர், தன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

பச்சைப் பெயர் வைக்கும்போது இன்னொரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், விளைந்து நின்ற நெற்பயிருக்கு நடுவே கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிட என்.எல்.சி. வெட்டிய கால்வாய் அது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்காதவர்கள் குறைவு. போராட்டங்கள் நடந்தன, வன்முறையும் வெடித்தது. அந்த வயலிலிருந்து பார்க்கிற விவசாயிக்குச் சூழல் பூங்கா என்ற பெயர்ப்பலகை எப்படித் தெரியும்? மரம் வளர்த்தவர்களின் உழைப்பு மெய். பயிரை இழந்தவரின் கண்ணீரும் மெய். இரண்டையும் தாங்கக்கூடிய பெயர்தான் அந்த இடத்துக்கு நேர்மையான பெயர்.

நான் பூங்காவுக்கு வழி கேட்டபோது ஆட்டோக்காரர் ஒருவர் "மைன்ஸ் பார்க்கா சார்?" என்றார். அந்தச் சொல்லில் எல்லாம் இருக்கிறது. நெய்வேலி சுரங்கப் பூங்கா என்று தமிழில் எழுதி வைக்கலாம். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, உள்ளே இருப்பதும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஓய்வு கொடுத்த பக்கெட் வீல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், பிள்ளைகள் அதன் வாளிக்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். மண்ணின் அடுக்குகளை மேலிருந்து கரி வரைக்கும் ஒரு சுவரில் உள்ளபடி காட்டலாம். அழுத்தத்தில் பொங்கும் நிலத்தடி நீரை ஒரு குழாய்க் கிணற்றில் கண்ணால் பார்க்க விடலாம். ஜம்புலிங்க முதலியாரின் கிணறும், 1961இல் கரியைக் கண்ட நாளும், லெகோ அடுப்பும் அங்கே இருக்க வேண்டும். நிரந்தரப் பணியில் இருந்தவர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலையும், 2020இல் கொதிகலன் விபத்துகளில் உயிரிழந்தவர்களின் நினைவும் இருக்க வேண்டும். 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. கரியும் ஒருநாள் தீரும், அல்லது கரி வேண்டாம் என்று உலகம் முடிவு செய்யும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு இந்த ஊர் ஏன் இங்கே எழுந்தது என்று சொல்ல இந்தப் பூங்கா ஒன்றுதான் இருக்கும்.

குளங்களுக்கும் நடைபாதைகளுக்கும் இழந்த கிராமங்களின் பெயர்களை வைக்கலாம். பெருமாத்தூர்க் குளம் என்று ஒரு பலகை இருந்தால், கரையில் உட்காருகிற குழந்தை அது எங்கே இருந்த ஊர் என்று கேட்கும். கேட்டால் பதில் சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள்.

இந்த வேலையை நிறுவனம் தனியாகச் செய்யக் கூடாது. அந்த ஊர்களில் பிறந்து, ஏர் ஓட்டி, அங்கே கும்பிட்ட சாமியை மண்ணோடு விட்டுவிட்டு வந்தவர்கள் மறுகுடியமர்வு நகர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. ஊரின் பெயர், தெருவின் பெயர், ஏரியின் பெயர், கோயிலின் பெயர் என்று அவர்கள் வாயால் சொல்வதைக் கேட்டு இப்போதே எழுதி வாங்க வேண்டும். நெய்வேலியில் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, அதற்கு ஊரே திரள்கிறது. அந்த நாட்களில் அரங்கின் ஓரத்தில் ஒரு மேசை போட்டால்கூடப் போதும். நீங்கள் நெய்வேலிக்காரர் என்றால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.